கத்பர்ட்: இரண்டு வருடம்கூட ஆயராக இல்லாதவரை ஏன் ஆயர் என்று கொண்டாடுகிறோம்?

மார்ச் 16 (ஒரு வாசகரின் கேள்வி)

வரும் 20ஆம் தேதி புனித கத்பர்ட் திருநாள். வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். பாதி வாழ்க்கை மடத்தில், மீதி ஆள் அரவம் இல்லாத தீவில். ஆயராக இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. அதையும் விட்டுவிட்டுத் தீவுக்கே ஓடிவிட்டார். மக்களை விட்டு ஓடியவரை மேய்ப்பர் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மார்ச் 16, இரவு

மொத்தம் 21 மாதம். 685 மார்ச் 26, ஈஸ்டர் அன்று யார்க்கில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 686 கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஃபார்ன் தீவுக்குத் திரும்பினார். 687 மார்ச் 20 அன்று இறந்தார். உங்கள் கணக்கு சரிதான். "ஓடிவிட்டார்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சாவு நெருங்கிவிட்டது தெரிந்தே திரும்பினார் என்று, 8ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவி சொல்கிறார்.

நான் டர்ஹாம் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். கத்பர்ட் கல்லறை வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். காலையில் டியூட்டி இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 17

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இப்போது வட இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தின் தெற்கும் இருக்கும் பகுதி அப்போது நார்தம்ப்ரியா அரசு. கத்பர்ட் ஏறக்குறைய 635ல் பிறந்தவர். 651 ஆகஸ்ட் 31 இரவு, மலையில் ஆடு காவலுக்கு இருந்தபோது வானத்தில் ஒளியையும், வானதூதர்கள் ஓர் ஆன்மாவை ஏந்திப் போவதையும் கண்டார். லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவு மடத்தின் ஆயர் எய்டன் அந்த இரவில்தான் இறந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆடுகளை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மெல்ரோஸ் மடத்துக்குப் போனார்.

அங்கே பாய்சில் என்று ஒரு மூத்த துறவி. கொள்ளைநோயில் கத்பர்ட்டும் விழுந்தார், பிழைத்தார். பாய்சில் பிழைக்கவில்லை. "இன்னும் ஏழு நாள்தான் எனக்கு, அதற்குள் என்னிடம் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டு, யோவான் நற்செய்தியை நாளுக்கு ஒரு பகுதியாக இருவரும் சேர்ந்து படித்தார்கள். நீ ஆயர் ஆவாய் என்று சொன்னவரும் பாய்சில்தான். அதைக் கேட்டதிலிருந்து கத்பர்ட்டுக்குக் கலக்கம்.

பிறகு லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் பொறுப்பு. 676 வாக்கில் இன்னர் ஃபார்ன் தீவில் தனிவாழ்வு. 684ல் பேராயர் தியோடர் தலைமையில் கூடிய ஆயர் மன்றம் அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தது. கடிதத்துக்கும் ஆளுக்கும் அசையவில்லை. கடைசியில் அரசர் எக்ஃப்ரித்தே படகேறித் தீவுக்குப் போய் மண்டியிட்டுக் கேட்டார். அழுதுகொண்டே சம்மதித்தார்.

என் கருத்து: அவர் அடிப்படையில் தனித்துறவி. ஆயர் பட்டம் மேலே போர்த்திய சால்வை மாதிரி. அந்த அளவில் கேள்வி கேட்டவரோடு எனக்கும் உடன்பாடு.

மார்ச் 18

நீர்நாய்க் கதை உண்மையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோல்டிங்ஹாமில் எப்பா என்ற மடத்தலைவி அழைத்து கத்பர்ட் போயிருந்தார். இரவில் எல்லோரும் தூங்கியதும் அவர் வெளியே போவதைப் பார்த்த ஒரு துறவி ஒளிந்து பின்தொடர்ந்தார். கத்பர்ட் கழுத்தளவு கடலில் நின்று விடியும்வரை இறைவனைப் புகழ்ந்தார். கரையேறி மண்டியிட்டபோது இரண்டு நீர்நாய்கள் தண்ணீரிலிருந்து வந்து, மூச்சால் அவர் பாதங்களைச் சூடாக்கி, ரோமத்தால் துடைத்தன. ஆசி வாங்கிக்கொண்டு திரும்பிப் போயின.

அந்தக் கடலில் ஆகஸ்ட் மாதம் முழங்கால் வரை இறங்கியிருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்க முடியவில்லை.

மார்ச் 20

இன்று சாயங்காலம் பேராலயம் போய்வந்தேன். நடுப்பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போனால் கல்லறை. தரையில் ஒரு கல், அதில் பெயர் மட்டும். நாலு பக்கமும் மெழுகுதிரி. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் அப்படியே செய்தார். ஒவ்வொரு வருடமும் அங்கே நிற்கும்போது அது நினைவுக்கு வரும்.

இன்று எழுத நினைத்தது அவருடைய கடைசி நாட்களைப் பற்றி. இதைப் பீட் தானாக எழுதவில்லை. பக்கத்தில் இருந்த ஹெரிஃப்ரித் என்ற துறவி சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நுணுக்கம்.

கத்பர்ட் நோயில் விழுந்ததும் ஹெரிஃப்ரித் வந்து பார்த்தார். நீங்கள் போகலாம் என்று கத்பர்ட் அனுப்பிவிட்டார். உடனே புயல் பிடித்துக்கொண்டது, ஐந்து நாள் படகு இறக்க முடியவில்லை. கடல் அடங்கி இவர்கள் போய்ப் பார்த்தால், கத்பர்ட் தன் குடிலில் இல்லை. கரையோரம் விருந்தாளிகளுக்காகக் கட்டிய வீட்டில் உட்கார்ந்திருந்தார். வருபவர்கள் உள்ளே தேடி அலையக் கூடாது என்று அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். ஐந்து பகல் ஐந்து இரவு அதே இடம். நகர முடியவில்லை.

என்ன சாப்பிட்டீர்கள் என்று ஹெரிஃப்ரித் கேட்கிறார். கத்பர்ட் போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே ஐந்து வெங்காயம். வாய் வறண்டபோதெல்லாம் இதைத்தான் கொஞ்சம் கடித்தேன் என்கிறார். ஒன்றில் மட்டும் கடித்த அடையாளம், அதுவும் பாதிக்குக் குறைவாக.

நான் வீடுவீடாகப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸ். தனியாக இருக்கும் முதியவர்கள்தான் பெரும்பாலும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார்கள். பிரிட்ஜைத் திறந்தால் முந்தாநாள் நாம் வைத்தது அப்படியே இருக்கும், ஓரத்தில் ஒரு கடி. முதல்முறை வெங்காயத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இது கதை கட்டுகிறவர் எழுதும் விவரம் இல்லை. நேரில் பார்த்தவர் மறக்க முடியாமல் சொல்வது.

மார்ச் 20, சற்றுப் பிறகு

விட்டுப்போனது. ஹெரிஃப்ரித் வெந்நீர் வைத்து அவர் பாதங்களைக் கழுவினார். நாள்பட்ட வீக்கத்தால் பாதத்தில் புண் வைத்து, சீழ் பிடித்திருந்தது. அதற்கும் மருத்துவம் பார்த்தார். கொஞ்சம் திராட்சைரசத்தைச் சூடாக்கிக் குடிக்கக் கொடுத்தார்.

மார்ச் 21

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. பீட் எழுதிய வாழ்க்கை வரலாற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை காலும் பாதமும் வந்துகொண்டே இருக்கின்றன.

சின்னப் பையனாக இருந்தபோது முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. வெள்ளை உடையில் குதிரையில் வந்த ஒருவர் இறங்கிப் பார்த்து, கோதுமை மாவைப் பாலில் காய்ச்சிச் சூட்டோடு பற்றுப் போடச் சொன்னார். சில நாளில் குணம். வந்தவர் வானதூதர் என்று கத்பர்ட் நம்பினார். ரிப்பன் மடத்தில் அவருக்கு விருந்தினரைக் கவனிக்கும் வேலை. பனிக்காலத்தில் வந்த ஓர் இளைஞனின் பாதங்களைக் கழுவித் துடைத்து, குளிர்ந்துபோனவற்றைத் தன் கைகளால் தேய்த்துச் சூடாக்கினார். அதுவும் வானதூதர் என்றுதான் முடியும். கோல்டிங்ஹாமில் நீர்நாய்கள் இவர் பாதத்தைச் சூடாக்கின. ஃபார்ன் தீவுக்குப் போன ஆரம்பத்தில், பார்க்க வரும் சகோதரர்களின் பாதங்களை வெந்நீரால் கழுவுவார். சில சமயம் அவர்கள் வற்புறுத்தி இவர் காலணியைக் கழற்றி இவர் பாதங்களைக் கழுவுவார்கள். பிறகு தனிமை கூடக்கூட, தோல் பூட்ஸைக் கழற்றுவதே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குத்தான். அப்போது பார்த்தால் கணுக்காலுக்கு மேலே நீளமாகக் காய்த்துப்போயிருக்கும். விழுந்து வணங்கி வணங்கி வந்த காய்ப்பு.

அந்தக் காலை நான் பார்த்த மாதிரியே இருக்கிறது. பல மாதம் சாக்ஸ் கழற்றாத கால்கள் என் வேலையில் சாதாரணம். பக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் உறை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, முதலில் கால் அதில் ஊற வேண்டும். ஒட்டிய துணி தானாக விட்டுவரும்வரை இழுக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேசாதவர்களும் பேசுவார்கள்.

மார்ச் 23

17ஆம் தேதி எழுதிய "சால்வை" உவமையைத் திரும்பப் பெறுகிறேன். தவறு.

அந்த 21 மாதத்தில் அவர் செய்ததை நான் சரியாகப் படிக்கவே இல்லை. தேவாலயம் இல்லாத மலையூர்களுக்குப் போனார். ஹெக்ஸமுக்கும் கார்லைலுக்கும் நடுவே ஓரிடத்தில் கூடாரங்கள் அடித்து, இரண்டு நாள் பிரசங்கமும் உறுதிபூசுதலும் நடந்தன. பெண்கள் ஒரு நோயாளிப் பையனைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். குணமாக்கி அனுப்பினார். கொள்ளைநோய் சுத்தமாகத் துடைத்துப்போட்ட ஊர்களுக்கும் போனார். அப்படி ஓர் ஊரில், இனி யாராவது மீதம் இருக்கிறார்களா என்று கூட வந்த குருவிடம் கேட்டபோது, தூரத்தில் ஒரு தாய் நின்றாள். ஒரு மகன் இறந்துவிட்டான், இன்னொருவன் கையில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். கத்பர்ட் போய் அந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தார். பயப்படாதே, இவன் பிழைப்பான், உன் வீட்டில் இனி யாரும் சாகமாட்டார்கள் என்றார்.

கொள்ளைநோய்க் குழந்தையை முத்தமிடுவது என்றால் என்ன என்று 2020ல் வேலை பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. 685 மே 20 அன்று எக்ஃப்ரித், ஸ்காட்லாந்தின் வடக்கே வாழ்ந்த பிக்டு இனத்தாரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். அதே நேரத்தில் கத்பர்ட் கார்லைலில் அரசியோடு இருந்தார். ஊர் அதிகாரி வாகா பழைய ரோமானிய மதிலையும் நீரூற்றையும் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தபோது, கைத்தடியில் சாய்ந்து நின்று, போர் முடிந்துவிட்டது என்று மெல்லச் சொன்னார். இவரை அழைக்கப் படகேறி வந்த அரசர், இவர் ஆயரான இரண்டாவது மாதமே போய்விட்டார். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஊர்ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஏப்ரல் 2

"கத்பர்ட்டுக்குப் பெண்களே ஆகாதாமே, டர்ஹாமில் பெண்களுக்குக் கோடு போட்டிருந்தார்களாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடு இன்னும் இருக்கிறது. பேராலயத்தின் மேற்குக் கோடியில், தரையில் கறுப்புச் சலவைக்கல் பட்டை. ஒரு காலத்தில் பெண்கள் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நான் முதன்முதலாகப் போன அன்று, சுற்றிக்காட்டியவர் "கத்பர்ட்டின் விருப்பம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்று கல்லறைக்குப் போகாமலே திரும்பினேன். இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. என்னை வேண்டாம் என்றவரிடம் எதற்கு மன்றாட வேண்டும் என்ற கோபம்.

பிறகுதான் பழைய நூல்களைப் படித்தேன். எட்டு வயதிலிருந்து வளர்த்தவர் கென்ஸ்வித் என்ற கைம்பெண். கத்பர்ட் அவரை அம்மா என்றே அழைத்தார், பெரியவரான பிறகும் அடிக்கடி போய்ப் பார்த்தார். எப்பா அழைத்தபோது கோல்டிங்ஹாம் போனார். விட்பி மடத்தலைவி எல்ஃப்லேட், அரசர் எக்ஃப்ரித்தின் தங்கை, பார்க்க வேண்டும் என்று கேட்டபோது படகில் காக்கெட் தீவுக்கு வந்து பேசினார். எல்ஃப்லேட் நடக்க முடியாமல் கிடந்தபோது ஓர் இடைக்கச்சை அனுப்பிவைத்தார், அதைக் கட்டியதும் நிற்க முடிந்தது. வெர்கா என்ற மடத்தலைவி ஒரு மெல்லிய துணி கொடுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அதை உடுத்த மனம் வரவில்லை, ஆனால் கொடுத்தவர் மேல் உள்ள அன்பினால் பத்திரமாக வைத்திருந்தார். என் உடலை அதில் சுற்றுங்கள் என்று ஹெரிஃப்ரித்திடம் சொன்னார். சுற்றினார்கள்.

இப்படிப்பட்டவர் பெண் வெறுப்பாளராம். அந்தப் பேச்சு பீட் நூலில் இல்லை, அதற்கு முந்தைய நூலிலும் இல்லை. 1083ல் டர்ஹாம் ஆயர், மனைவி மக்களோடு இருந்த பழைய குருக்களை அகற்றிவிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்தார். பெண்கள் மேல் கத்பர்ட் கோபிக்கும் கதைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. யாருக்கு அந்தக் கதை தேவைப்பட்டது என்பது தெரிகிறது. 400 வருடம் கழித்து எழுதியதை அவர் வாயில் வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 3

இப்போது போகும்போதெல்லாம் அந்தக் கோட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நடக்கிறேன்.

மே 19

இரண்டு தடவை சீஹவுசஸ் துறைமுகம் வரை போய்த் திரும்பினேன். அலை அதிகம், படகு இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை, நேற்று, இன்னர் ஃபார்னில் இறங்கினேன்.

தொப்பி இல்லாமல் போகாதீர்கள். இது ஆலாக்கள் முட்டையிடும் காலம். நடைபாதை ஓரத்திலேயே கூடு. கிட்டே போனால் தலையில் கொத்துகின்றன, ரத்தம் வருமளவு. எனக்கு முன்னால் போன ஒரு குழந்தை கையைத் தலைக்குமேல் உயர்த்தியபடியே போனது; பறவை உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதுள்ள சிற்றாலயம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கத்பர்ட் குடில் இல்லை. அவர் கட்டியது கல்லாலும் புல்கட்டியாலும் வட்டமாக ஒரு மதில். வெளியே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, உள்ளே பாறையைத் தோண்டி இன்னும் ஆழம். உட்கார்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும். ஏன் அப்படி என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. தீவிலிருந்து கரையைப் பார்த்தால் பாம்பரோ கோட்டை கண்ணுக்கு நேரே நிற்கிறது. அவர் காலத்தில் அது அரசரின் இருப்பிடம். ஆள் அரவம் இல்லாத தீவு என்று கேள்வியில் இருந்தது. அப்படி இல்லை. அரண்மனையில் விளக்கேற்றினால் இங்கே தெரியும். பார்க்க வருகிறவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தார்கள்.

பாதையோரம் ஓர் ஐடர் வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு எட்டு வைத்தால் தொடலாம். எழுந்திருக்கவே இல்லை. இந்த வாத்துகளைக் கொல்லக் கூடாது என்று கத்பர்ட் விதித்தார், அதைப் பீட் எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் இன்றும் இதைக் கத்பர்ட் வாத்து என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள்.

மே 21

திருத்தம். பீட் ஐடர் வாத்தைப் பற்றி எழுதவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்தக் கதை 12ஆம் நூற்றாண்டில் ரெஜினால்ட் என்ற டர்ஹாம் துறவி எழுதியது. பெண் வெறுப்புக் கதையைப் பிற்காலம் என்று தள்ளிவிட்டு, பிடித்த கதை என்பதால் இதை மட்டும் பழையது என்று நான் எழுதியது நியாயமில்லை.

நீர்நாய்க்கும் இதே திருத்தம். லிண்டிஸ்ஃபார்ன் துறவி ஒருவர் 700ஐ ஒட்டி எழுதிய முதல் வரலாற்றில் "சிறிய கடல் விலங்குகள் இரண்டு" என்றுதான் இருக்கிறது. பீட் சுமார் 721ல் எழுதும்போதுதான் அவை நீர்நாய் ஆயின.

பீட் எழுதிய பறவைக் கதை வேறு. கத்பர்ட் முதலில் கோதுமை விதைத்தார், விளையவில்லை. பருவம் தப்பிப் பார்லி விதைத்தார், விளைந்தது. பறவைகள் மேய வந்தபோது, நீங்கள் விதைக்காததை ஏன் தின்கிறீர்கள், கடவுள் அனுமதி கொடுத்திருந்தால் தின்னுங்கள், இல்லையென்றால் போங்கள் என்றார். போய்விட்டன. இரண்டு அண்டங்காக்கைகள் விருந்தினர் வீட்டுக் கூரையிலிருந்து வைக்கோல் பிடுங்கின. அதட்டினார், பறந்துவிட்டன. மூன்று நாள் கழித்து ஒன்று வந்து சிறகை விரித்துத் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு பன்றிக்கொழுப்புக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தன. அந்தக் கொழுப்பை என்ன செய்தார்? பார்க்க வரும் சகோதரர்கள் பூட்ஸுக்குப் பூசிக்கொள்ளக் கொடுத்தார். மறுபடியும் கால்!

மே 22

வாத்து என்றதும் நினைவுக்கு வந்தது. கடைசிக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சில சகோதரர்கள் தீவுக்கு வந்தார்கள். சுவரில் ஒரு வாத்து தொங்குகிறது, அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார் கத்பர்ட். அவர்களிடம் கட்டுச்சோறு இருந்ததால் அதைத் தொடவில்லை. கிளம்பப் பார்த்தால் கடல் கொந்தளிப்பு, ஏழு நாள். பார்க்க வந்த கத்பர்ட் சிரித்தபடி, வாத்து இன்னும் தொங்குகிறதே, அப்புறம் கடல் எப்படி வழிவிடும் என்றார். பானையை அடுப்பில் வைத்தார்கள். கொதிக்கக் கொதிக்க அலை அடங்கியது. சாப்பிடாமல் போகவிடாத வீடு எதுவும் எனக்கு இந்தக் கதையைத்தான் நினைவுபடுத்தும்.

ஜூன் 11

உடல் அழியாமல் இருந்தது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

698ல், இறந்து 11 வருடம் கழித்து, எலும்புகளை எடுத்துப் பேழையில் வைக்கலாம் என்று கல்லறையைத் திறந்தார்கள். உடல் முழுதாக, மூட்டுகள் மடங்கும்படி, தூங்குகிறவர் போல இருந்தது. அப்போது செய்த ஓக் மரப் பெட்டியின் துண்டுகளை டர்ஹாம் பேராலய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கத்தியால் கீறிய கோடுகளாகத் தூதர்களும் அப்போஸ்தலர்களும். 793ல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்கினார்கள். 875ல் துறவிகள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஏழு வருட அலைச்சல், பிறகு செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட், 995ல் டர்ஹாம். 1104ல் புதிய பேராலயத்தில் வைப்பதற்குமுன் திறந்தபோதும் உடல் அழியவில்லை என்றே எழுதிவைத்தார்கள்.

எட்டாம் ஹென்றி காலத்தில் அருளிக்கப் பேழைகளை உடைக்க ஆட்கள் வந்தார்கள். எலும்பும் தூசியும் இருக்கும் என்று நினைத்துப் பொற்கொல்லர் ஒருவர் சம்மட்டியால் பெட்டியை உடைத்தார். உள்ளே முழு உடல், முகத்தில் இரண்டு வாரத் தாடி. ஐயோ, ஒரு காலை உடைத்துவிட்டேன் என்று அவர் கத்தினார். எலும்பைக் கீழே போடு என்றார்கள். நரம்பும் தோலும் பிடித்திருக்கின்றன, பிரியவில்லை என்றார். டர்ஹாமின் பழைய சடங்குகளை எழுதிவைத்த நூலில் இது இருக்கிறது.

1827ல் திறந்தபோது எலும்புக்கூடுதான் இருந்தது. அதன் மார்பில், மாணிக்கச் சிவப்பில் கார்னெட் கற்கள் பதித்த சின்னத் தங்கச் சிலுவை. சிலுவையின் ஒரு கை உடைந்து ஒட்டுப்போட்டது. உடைந்ததைத் தூக்கிப்போடாமல் ஒட்டி அணிந்திருக்கிறார்.

அழியாத உடலா என்ற கேள்வியில் என் விசுவாசம் நிற்கவில்லை. 698ஐப் பற்றிப் பீட் எழுதியதில் என் மனம் போவது வேறோர் இடத்துக்கு. கல்லறையில் கத்பர்ட் பாதத்தில் இருந்த காலணிகளை ஒரு வாத நோயாளி வாங்கி, அன்றிரவு தன் காலில் மாட்டிக்கொண்டு படுத்தான். முதலில் ஒரு பாதம் அசைந்தது. காலையில் தானாக எழுந்து நடந்தான்.

ஜூலை 8

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் கத்பர்ட் நற்செய்திப் புத்தகம் பாய்சிலோடு அவர் படித்ததுதானா என்றால், இல்லை. அது அவர் இறந்த பிறகு, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதப்பட்டது. 1104ல் பெட்டிக்குள் கிடைத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சிவப்புத் தோல் அட்டை, ஐரோப்பாவில் பழைய கட்டமைப்பு குலையாமல் இருக்கும் மிகப் பழைய புத்தகம். 2012ல் இயேசு சபையாரிடமிருந்து 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். உள்ளே யோவான் நற்செய்தி மட்டும். அந்த ஏழு நாளை நினைத்துத்தான் அவருக்கு யோவானைக் கொடுத்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 14

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "எல்லாம் சரி, ஆனாலும் கடைசியில் தீவிலேயே புதைக்கச் சொன்னாரே, அது விலகல் இல்லையா?" என்கிறார். நல்ல கேள்வி. இதை மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆமாம், தீவில் புதைக்கத்தான் சொன்னார். காரணம்: என் உடல் லிண்டிஸ்ஃபார்னில் இருந்தால் தப்பியோடி வருகிறவர்களும் குற்றம் செய்தவர்களும் அதைத் தேடி வருவார்கள். அவர்களுக்காக அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நீங்கள் அடிக்கடி போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும். எனக்காக உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்றார். சாகும் மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, செத்த பிறகும் ஜனம் தன்னை விடாது என்று. துறவிகள் அந்தத் தொல்லை எங்களுக்கு இனிப்பானது என்றார்கள். ரொம்பக் கெஞ்சினார்கள். சரி, அப்படியானால் தேவாலயத்துக்கு உள்ளே வையுங்கள், யார் வரலாம் என்பது உங்கள் கையில் இருக்கும் என்று சம்மதித்தார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. டர்ஹாம் பேராலய வடக்கு வாசலில், கதவைத் தட்டுவதற்கு, சிங்க முகமும் வளையமும் உள்ள வெண்கலப் பிடி இருக்கிறது. இப்போது கதவில் இருப்பது நகல், பழையது உள்ளே. கொலையே செய்தவன் என்றாலும் ஓடிவந்து அதைப் பிடித்துத் தட்டினால் கதவு திறக்கும். 37 நாள் அடைக்கலம். கறுப்பு அங்கி கொடுப்பார்கள், தோளில் மஞ்சள் துணியில் கத்பர்ட்டின் சிலுவை. அதற்குள் மன்னிப்புப் பெறலாம், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போகலாம்.

நீங்கள் மேய்ப்பர் எங்கே என்று கேட்டீர்கள். நான் அந்தச் சம்மதத்தில் பார்க்கிறேன். தனிமை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர், கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். அதை மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. விருந்தினர் வீட்டில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புண் பிடித்த பாதத்தோடு அவ்வளவு தூரம் நடந்தது தனக்காக இல்லை.

செப்டம்பர் 4

இன்று அவர் உடல் டர்ஹாமில் வைக்கப்பட்டதை நினைக்கும் நாள். இரவு டியூட்டி முடித்து நேராகப் பேராலயம். கூட்டமில்லை. கல்லறைப் பக்கத்தில் ஒருவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு மண்டியிட்டிருந்தார். நானும் கழற்றினேன். கல் சில்லென்று இருந்தது.

கேள்வி கேட்டவர் வரும் மார்ச் 20க்கு இங்கிலாந்து வருவதாக எழுதியிருக்கிறார். வாருங்கள். லிண்டிஸ்ஃபார்னுக்கு கார் போகும் சாலை இருக்கிறது, ஆனால் பழைய யாத்திரை வழியில் மணலில் நடக்கலாம், வழிநெடுகக் கம்பங்கள் நட்டிருக்கின்றன, சுமார் ஐந்து கிலோமீட்டர். கடல் வற்றும் நேர அட்டவணையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது, பாதி வற்றிய பிறகு கிளம்பி, முழுதாக வற்றும் நேரத்துக்குள் தீவுக்குப் போய்ச்சேர்ந்துவிட வேண்டும். பாதிவழியில் சேறு கணுக்கால் வரை வரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டும், பிளாஸ்கில் வெந்நீரும் நான் கொண்டுவருகிறேன்.